வைகாசியில் மூடி மார்கழியில் திறக்கும் மரப்பெட்டி

குடும்பக் கைப்பணிப் பாடம்

பெட்டி என்றதும் எம்மவருக்கு முதலில் நினைவுக்கு வருவது பனையோலைதான். காசு வைக்கக் கொட்டைப்பெட்டி, பொருள் வைக்க மூடல்பெட்டி, சுமக்கக் கடகம் என்று எல்லாமே ஓலையில் இருந்தன. மரத்தாலான பெட்டகம் வசதியுள்ள வீடுகளில் மட்டுமே நின்றது. அதை நாலுபேர் சேர்ந்தாலும் அசைப்பது கடினம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் மழையில் நடந்து வெளியேறியபோது பெட்டகங்கள் வீடுகளிலேயே நின்றன. அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன், 1990 ஒக்ரோபரில், வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், 2009இல் வன்னியின் கிழக்குக் கரைவரை நகர்ந்து சென்ற குடும்பங்களும் கையில் தூக்க முடிந்ததையே கொண்டுபோயினர். காணி உறுதியும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் பொலித்தீன் பையிலோ சேலைத் தலைப்பிலோ சுருண்டு போயின. பலருக்கு அவையும் மிஞ்சவில்லை.

ஒரு கையால் தூக்கக்கூடிய சிறு மரப்பெட்டி ஒன்றை வீட்டு முற்றத்தில் இருந்தபடியே செய்யும் முறையை இப்பாடத்தில் பார்ப்போம். வீட்டுப் பத்திரங்களை மடியாமல் வைக்க அது உதவும். வேலை கைவந்த பின், தோட்ட வேலை குறைந்த மாதங்களில் விற்று நாலு காசு காணவும் உதவும். நிலத்தில் வேலை செய்த கை தச்சு வேலைக்கு வராது என்று சிலர் நினைக்கிறார்கள். மண்வெட்டிப் பிடியும் ஏர்க்காலும் செய்து பழகிய கைகள்தானே இவை.

அழகுப் பெட்டி என்றால் பெயின்ற் பூசி பூ வரைந்த பெட்டி என்று எண்ண வேண்டாம். நல்ல பெட்டியின் அழகு இரண்டு இடங்களில் இருக்கிறது: இடைவெளி இல்லாத மூலையிலும், எந்த மாதத்திலும் இறுகாமல் மூடித் திறக்கும் மூடியிலும். வைகாசியில் மூடிய பெட்டி மார்கழியில் திறக்க வேண்டும். சந்தையில் வாங்கும் மலிவான பெட்டிகள் பல தோற்பது இந்த இடத்தில்தான்.

மரம் தேடுதல்

வெட்டி எத்தனை வருடமானாலும் மரத்தின் ஒரு குணம் மாறுவதில்லை. மழைக் காற்றில் ஈரத்தைக் குடித்துப் பருக்கும், சோழகக் காற்றில் காய்ந்து சுருங்கும். நார் ஓடும் நீளத்தில் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவு. நாருக்குக் குறுக்கே, அதாவது பலகையின் அகலத்தில், 8 அங்குலப் பலகை ஒன்று அரை நூல் முதல் ஒரு நூல் வரை கூடிக் குறையலாம். ஓர் அங்குலத்துக்கு 8 நூல் என்பது தச்சர் கணக்கு. இப்பாடம் முழுவதும் அதையே பாவிக்கிறோம்.

ஆகவே நன்றாகக் காய்ந்த மரம் வேண்டும். பச்சை மரத்தை நிழலில், காற்றோட்டமாக அடுக்கி உலர்த்தினால் ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். காய்ந்ததா என்று அறியக் கடைத் தராசு போதும். பலகையை நிறுத்து, நிறையைப் பென்சிலால் பலகையிலேயே எழுதி வையுங்கள். ஒவ்வொரு கிழமையும் நிறுத்துப் பாருங்கள். நிறை குறைவது நின்றால் பலகை அந்த இடத்துக் காற்றோடு சமப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம்.

பழைய கதவு, யன்னல், உடைந்த மேசை ஆகியவற்றின் மரம் இதைவிட நல்லது. அது பல மாரிகளைக் கண்டு ஓய்ந்த மரம். ஆனால் மூன்று விடயங்களில் கவனம் வேண்டும். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத காணிக்குள், ஒரு பலகைத் துண்டுக்காகக்கூட, கால் வைக்க வேண்டாம். பிள்ளைகளையும் அனுப்ப வேண்டாம். அடுத்தது, அயலவரின் இடிந்த வீட்டில் தொங்கும் கதவு அயலவருடையது. அவர் எந்த நாட்டில் இருந்தாலும் அது அவருடையதே. மூன்றாவது, சண்டை நடந்த ஊர்களில் நின்ற மரங்களுக்குள் இரும்புச் சிதறல்கள் புதைந்திருக்கக்கூடும். மரம் வளர்ந்து காயத்தை மூடியிருப்பதால் வெளியே தெரியாது. வாள் அதில் பட்டால் பல் போய்விடும். பழைய றேடியோ ஒலிபெருக்கியின் காந்தத்தை நூலில் கட்டிப் பலகையின் மேல் மெதுவாகக் கொண்டுசென்றால், இரும்பு மேலாக இருக்கும் இடத்தில் அது இழுபடும். பழைய பலகையில் முறிந்து நிற்கும் ஆணியையும் இப்படியே கண்டுபிடிக்கலாம். பழைய பெயின்ற் பூசிய பலகை என்றால் அதைத் தேய்த்துத் தூளாக்க வேண்டாம். அக்காலப் பெயின்றில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூள் குழந்தைகளுக்கு நஞ்சு. அத்தகைய பலகையை விட்டுவிட்டு வேறு பாருங்கள்.

எந்த மரம் நல்லது? சுவர்களுக்குப் பலாவைச் சிபார்சு செய்கிறோம். மஞ்சள் நிறம், உளிக்கு இணங்கும், நாளாக நாளாகப் பொன்னிறமாகிக் கருகும். அதன் வெளிப்புற வெள்ளைப் பகுதியை முற்றாக நீக்கிவிடுங்கள். துளைக்கும் வண்டு முதலில் தேடுவது அதையே. மூடிக்குப் பூவரசு. வேலிக்கு நட்டு, குழையைத் தோட்டத்துக்கு வெட்டிய அதே பூவரசுதான். முற்றிய மரத்தின் வைரம் கடும் கபில நிறமாக இருக்கும். பலாவின் மஞ்சளுக்குள் அதை வைத்தால் வேறு அலங்காரம் தேவையில்லை. வேம்பும் ஆகும், ஆனால் தேய்க்கும்போது அதன் தூள் தொண்டையைப் பிடிக்கும்; மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். முதிரை கிடைத்தால் அதிர்ஷ்டம்தான், ஆனால் வாளும் உளியும் நன்றாகத் தீட்டியிருக்க வேண்டும். பனையைப் பலகையாக அறுத்துப் பெட்டி செய்ய முயல வேண்டாம். மெல்லியதாக அறுத்தால் நார் நாராகப் பிரியும். அதன் பலம் நீளவாட்டில் பிளக்கும்போது இருக்கிறது. அதை வேறொரு இடத்தில் பயன்படுத்துவோம்.

பெட்டிக்காக மரம் தறிக்கத் தேவையில்லை. பலாவையும் பெண்பனையையும் தறிப்பதற்கு 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி பெற வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். மர ஆலையிலும் தளபாடக் கடையிலும் கழிவாக ஒதுக்கும் துண்டுகளே எமக்குப் போதும். வாங்கும்போது துண்டு என்றாலும் பற்றுச்சீட்டு கேளுங்கள்.

அளவு

முதலில் உள்ளே வைக்கப்போகும் பொருளை அளக்க வேண்டும். பழைய உறுதிகள் ஏறக்குறைய 13½ அங்குல நீளமும் 8½ அங்குல அகலமும் உள்ள நீளத்தாளில் எழுதப்பட்டவை. அவற்றை நாலாக மடித்து வைத்திருப்போர் அதிகம். மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் முதலில் தேயும், பிறகு ஓட்டை விழும். சில வேளை காணியின் எல்லையோ பரப்போ அந்த ஓட்டையில் போய்விடும். ஒரே ஒரு முறை மடித்தால் 8½ அங்குலமும் 6¾ அங்குலமும் ஆகும். ஆகவே எமது பெட்டியின் உள்ளளவு 9½ அங்குலம், 7½ அங்குலம். சுவரின் உயரம் 4 அங்குலம், தடிப்பு 4 நூல்.

இதற்கு வேண்டியவை: 4 அங்குல அகலமும் 4 நூல் தடிப்பும் கொண்ட பலாப் பலகை மூன்றரை அடி. மூடிக்கு 2 நூல் தடிப்பில், 4 அங்குல அகலமும் 10 அங்குல நீளமும் உள்ள பூவரசுத் துண்டுகள் இரண்டு. அடிக்கு 2 நூல் ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்று. இவற்றோடு 2 நூல் சதுரமான மெல்லிய சட்டம் சுமார் 10 அடி, ஒரு சிறு பனஞ்சிலாகைத் துண்டு, வெள்ளைப் பசை, மண்கடதாசி.

கருவிகளில் கைவாள், சீவுளி, 4 நூல் உளி, துறப்பணம், மூலைமட்டம், சுத்தியல், கூரான கத்தி ஆகியவை வேண்டும். எல்லாவற்றையும் ஒரு குடும்பம் வாங்குவது வீண் செலவு. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு தொகுதி வாங்கி முறைவைத்துப் பாவிக்கலாம். ஆனால் தீட்டுகல் மட்டும் வீட்டுக்கு வீடு இருக்கட்டும். மழுங்கிய உளிதான் கையை வெட்டும். கூரான உளிக்கு அழுத்தம் தேவையில்லை.

சுவர்கள்

நான்கு சுவர்களையும் ஒரே பலகையிலிருந்து வரிசையாக வெட்டுங்கள்: 10½ அங்குலம், 7½ அங்குலம், மறுபடி 10½, மறுபடி 7½. வெட்டிய வரிசையிலேயே இலக்கமிட்டுப் பூட்டினால் மரத்தின் ரேகை மூலையைச் சுற்றி ஓடுவது போலத் தெரியும். பார்ப்பவர் ஏன் அழகாக இருக்கிறது என்று சொல்லமாட்டார், ஆனால் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்.

நீளச் சுவர்களுக்கு இடையே குறுஞ்சுவர்கள் நிற்கும். படம் சட்டமிடுவது போல மூலையைச் சாய்வாக வெட்டி இணைப்பது நாகரிகம் என்று பலர் விரும்புவர். முதல் ஐந்து பெட்டிகளுக்கு அது வேண்டாம் என்பது எமது கருத்து. சாய்வு வெட்டில் மயிரளவு பிழைத்தாலும் எட்டடி தூரத்துக்குத் தெரியும், பலமும் குறைவு. நேர் வெட்டை மூலைமட்டத்தால் பார்த்துச் சீவிச் சரிப்படுத்தலாம்.

பசை பூசுமுன் நான்கையும் நிறுத்திப் பாருங்கள். மூலைக்கு மூலை ஒரு ஈர்க்கால் குறுக்காக அளவுங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் பெட்டி சதுரம். பிறகு குறுஞ்சுவரின் வெட்டுமுகத்தில் மெல்லியதாகப் பசை பூசிப் பத்து நிமிடம் விடுங்கள். வெட்டுமுகம் தண்ணீர் குடிப்பது போலப் பசையைக் குடித்துவிடும். இரண்டாம் முறை பூசிய பின்னரே இணைக்க வேண்டும். இறுக்கிப் பிடிக்க விலை கூடிய இரும்புப் பிடிகள் தேவையில்லை. பழைய சைக்கிள் ரியூபை ஓர் அங்குல அகலத்தில் நீளமாக வெட்டி, இழுத்து இழுத்துப் பெட்டியைச் சுற்றிக் கட்டுங்கள். ரப்பர் எல்லா மூலைகளையும் ஒரேயளவாக அழுத்தும். கட்டியபின் குறுக்களவை மறுபடி பார்த்து, ஓர் இரவு அசையாமல் விடுங்கள்.

பனை முளைகள்

சாதாரண வெள்ளைப் பசை ஈரம் பட்டால் இளகும். கூடாரத்திலோ தகரக் கொட்டிலிலோ ஒரு மாரியைக் கழித்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அதனால் பசையை மட்டும் நம்பாமல் முளை அடிக்கிறோம். ஆணி வேண்டாம். ஆணி துருப்பிடித்து மரத்தைக் கறுப்பாக்கும், பிறகு வாளுக்கும் தடையாகும்.

பனஞ்சிலாகையின் கறுத்த வைரப் பகுதியில் இரண்டு அங்குல நீளத் துண்டு ஒன்றை எடுத்துக் கத்தியை வைத்துத் தட்டினால் நேராகப் பிளக்கும். 2 நூல் சதுரக் குச்சிகளாகப் பிளந்து, மூலைகளைச் சீவி ஏறக்குறைய உருண்டையாக்குங்கள். ஓர் இரும்புத் தகட்டில் ஒன்றரை நூல் துளை போட்டுக் கொள்ளுங்கள். கராஜில் சொன்னால் போட்டுத் தருவார்கள். சீவிய குச்சியை அத்துளை வழியாகச் சுத்தியலால் தட்டி இறக்கினால் எல்லா முளைகளும் ஒரே பருமனாக வரும். கொஞ்சம் பிரிபவற்றை ஒதுக்கிவிடுங்கள். 16 முளைகளுக்கு 25 குச்சி சீவுவது புத்தி.

ஒவ்வொரு மூலையிலும் நீளச் சுவரின் வெளிப்புறத்திலிருந்து, குறுஞ்சுவரின் தடிப்புக்கு நடுவில் நான்கு துளைகள் வரும். மேல் விளிம்பிலிருந்து 3 நூல், 7 நூல், 2 அங்குலம், 3¼ அங்குலம் என்ற இடங்களில் குறியிடுங்கள். இந்த இடங்களை மாற்ற வேண்டாம்; காரணம் பின்னர் தெரியும். துளையின் ஆழம் ஒன்றரை அங்குலம். துறப்பண அலகில் அந்த அளவில் துணித்துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டால் ஆழம் தவறாது. துளையில் பசை விட்டு முளையைத் தட்டி இறக்கி, மறுநாள் மிச்சத்தைச் சீவிவிடுங்கள். மஞ்சள் மரத்தில் கறுப்புப் பொட்டுகள் தெரியும். இதுவே இப்பெட்டியின் முதல் அலங்காரம். மூலையைப் பிரியாமல் காப்பதும் அதுதான்.

மூடிப் பலகைக்கு இடம் விடுதல்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். மூடிப் பலகையை நான்கு பக்கமும் பசை பூசி இறுக்கிவிட்டால் மாரியில் அது பருத்து மூலையை உடைக்கும், அல்லது கோடையில் சுருங்கி நடுவே வெடிக்கும். அதனால் அதை ஒட்டுவதில்லை, சிறைப்படுத்துகிறோம்.

இரண்டு பூவரசுத் துண்டுகளின் பக்கங்களை நேராகச் சீவி, ஒன்றோடொன்று ஒட்டி, காய்ந்தபின் 9½ அங்குல நீளத்துக்கு வெட்டுங்கள். அகலம் எவ்வளவு என்பது மாதத்தைப் பொறுத்தது. வைகாசி முதல் ஆவணி வரையான வறண்ட காலத்தில் செய்தால், மரம் இனிப் பருக்கப்போகிறது. உள்ளளவான 7½ அங்குலத்தைவிட ஒரு நூல் குறைத்து வெட்டுங்கள். கார்த்திகை, மார்கழியில் செய்தால் மரம் ஏற்கெனவே பருத்திருக்கிறது. மட்டுமட்டாக, கையால் அழுத்தாமல் இறங்கும் அளவுக்கு வெட்டினால் போதும்.

இனி, பெட்டியின் மேல் விளிம்பிலிருந்து 4 நூல் கீழே, உட்புறம் சுற்றிவர 2 நூல் சட்டத்தைச் சுவரோடு ஒட்டுங்கள். அது காய்ந்ததும் பூவரசுப் பலகையை அதன்மேல் படுக்க வையுங்கள். இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கட்டும். பலகையின் இரு நுனிகளிலும் நடுவில் மாத்திரம் ஒரு துளி பசை விடலாம். பலகை ஒரு பக்கம் நகராது. பிறகு அதற்கு மேலே இரண்டாவது சட்டத்தைச் சுற்றிவர ஒட்டுங்கள். பசை சுவரில் மட்டும் பட வேண்டும், பலகையில் படக்கூடாது. இப்போது பலகை இரண்டு சட்டங்களுக்கு இடையே நிற்கிறது. பருத்தாலும் சுருங்கினாலும் சட்டத்தின் மறைவில் நடக்கும். தச்சர் காடி வெட்டி இதே வேலையைச் செய்வார். அதற்கான சீவுளி எம்மிடம் இல்லாததால் சட்டத்தால் செய்கிறோம்.

அடிப்பகுதிக்கு இவ்வளவு பாடு இல்லை. ஒட்டுப்பலகை பருப்பதும் சுருங்குவதும் மிகக் குறைவு. கீழ் விளிம்போடு ஒரு சட்டம் ஒட்டி, அதன்மேல் உள்ளிருந்து ஒட்டுப்பலகையைப் பசையிட்டு வைக்க வேண்டியதுதான். ஆனால் இதை மூடிப் பலகைக்கு முன்பே செய்துவிட வேண்டும். பின்னர் உள்ளே கை போகாது.

மூடியை அறுத்தல்

இப்போது கையில் இருப்பது எந்தப் பக்கமும் திறக்காத பெட்டி. பயப்பட வேண்டாம். வெளிப்புறம் முழுவதையும் இந்த நிலையிலேயே சீவித் தேய்த்து ஒப்பமாக்குங்கள். மூடியும் உடலும் பின்னர் தாமாகப் பொருந்தும். மேலிருந்து 1¼ அங்குலத்தில் நான்கு பக்கமும் கோடு கிழிக்க வேண்டும். சிறு கட்டையொன்றில் அந்த அளவில் கூரான ஆணி ஒன்றை அடித்து, கட்டையைப் பெட்டியின் மேல் விளிம்போடு அணைத்து இழுத்தால் கோடு ஒரே மட்டமாக விழும். அதே கோட்டைக் கத்தியால் ஆழப்படுத்துங்கள். இக்கோடு 7 நூலில் உள்ள முளைக்கும் 2 அங்குலத்தில் உள்ள முளைக்கும் இடையே போகிறது. முளைகளின் இடத்தை மாற்ற வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

அறுக்க முன் ஒரு மூலையில் கோட்டின் மேலும் கீழும் பென்சிலால் சிறு அடையாளம் இடுங்கள். மூடியைத் திருப்பிப் போட்டால் ரேகை பொருந்தாது. முதலில் இரண்டு நீளப் பக்கங்களையும் அறுத்து, வெட்டில் மெல்லிய கடதாசி மட்டைத் துண்டுகளைச் செருகி, ரியூபால் கட்டிக்கொண்டு குறும்பக்கங்களை அறுத்தால் வாள் இறுகாது. அறுத்த விளிம்புகளைச் சமப்படுத்த, மண்கடதாசியைத் தட்டையான பலகையில் ஒட்டி, பெட்டியை அதன்மேல் வைத்து வட்டமாகத் தேயுங்கள். மண்கடதாசியைக் கையில் பிடித்துத் தேய்த்தால் விளிம்பு உருளும்.

பிணைச்சல் வாங்க வசதியிருந்தால் ஓர் அங்குலப் பித்தளைப் பிணைச்சல் இரண்டு போடலாம். இல்லாவிட்டால் ஒரு நூல் தடிப்பான மெல்லிய பலகைக் கீற்றுகளை உடற்பகுதியின் உட்புறம் சுற்றிவர, விளிம்புக்கு மேலே 2 நூல் தெரியும்படி ஒட்டுங்கள். மூடி அதன்மேல் தொப்பி போல உட்காரும். எமக்கு இதுவே பிடிக்கிறது. பிணைச்சல் துருப்பிடிக்கலாம், திருகாணி கழரலாம். இதில் கழர ஒன்றுமில்லை. தூக்கிச் செல்லும்போது மட்டும் கயிற்றால் கட்டிக்கொள்ள வேண்டும்.

மெருகு

ஒரு பங்கு தேன்மெழுகை நாலு பங்கு ஆளிவிதை எண்ணெயில் கரைத்துப் பூசினால் நல்ல மெருகு வரும். பாத்திரத்தை நேரே அடுப்பில் வைக்காமல், சுடுநீருக்குள் வைத்து உருக்குங்கள். மெல்லியதாகப் பூசி, அரைமணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் துடையுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது காயாது, நாளடைவில் சிக்குவாடை அடிக்கும்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. அது காயும்போது தானே சூடேறி, நெருப்பு வைக்காமலே தீப்பற்றக்கூடியது. கிடுகு வேய்ந்த கொட்டிலில் இதைவிட ஆபத்து வேறில்லை. வேலை முடிந்ததும் துணியைத் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்துங்கள், அல்லது வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள்.

பெட்டியின் உட்புறத்துக்கு எண்ணெய் பூச வேண்டாம், பத்திரத்தில் ஊறும். வெறும் மரமாகவே இருக்கட்டும். நன்றாகக் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து உள்ளே போடுவது ஏடு காத்த முன்னோர் வழக்கம். வருடத்துக்கு இருமுறை மாற்றுங்கள். பெட்டியைத் தரையிலோ சுவரோடு ஒட்டியோ வைத்தால் கறையான் வழி கண்டுபிடிக்கும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: மரப்பெட்டி வெள்ளம் தாங்காது. மழைக்காலத்தில் பத்திரங்களை முதலில் நன்றாக உலரவிட்டு, பொலித்தீன் உறையில் இட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். ஈரத்தோடு உறையிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

விலை சொல்லும்போது

கைப்பணியில் குடும்பங்கள் அதிகம் இழப்பது மரத்தில் அல்ல, விலையில். பொருட்செலவை மட்டும் கணக்கிட்டு, மிஞ்சுவதெல்லாம் இலாபம் என்று எண்ணுகிறோம். எமது நாள்களுக்கும் விலை உண்டு என்பதை வியாபாரி நினைவூட்டப் போவதில்லை.

கணக்குப் பழக ஓர் எடுத்துக்காட்டு. மரம், பசை, மெழுகு, மண்கடதாசி எல்லாம் 900 ரூபா என்று கொள்வோம். கருவித் தேய்மானத்துக்கு 150 ரூபா. உங்கள் ஊரில் தோட்டக் கூலி நாளுக்கு 2,500 ரூபா என்றால், ஒன்றரை நாள் வேலைக்கு 3,750. ஆக 4,800 ரூபா. வியாபாரி 3,000 ரூபா தருகிறேன் என்றால், பொருளும் தேய்மானமும் போக 1,950 மிஞ்சும். ஒன்றரை நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 1,300 ரூபா. வேறு வேலை கிடைக்கும் காலத்தில் அந்த விலைக்குக் கொடுப்பது கையிலிருந்து காசு போடுவதற்குச் சமம். வேலையே இல்லாத மழை நாட்களில் அதை ஏற்பதா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் நாளுக்கு 1,300க்கு விற்கிறோம் என்று தெரிந்துகொண்டு விற்க வேண்டும்.

செலவைக் குறைக்கும் வழி கூலியைக் குறைப்பதல்ல, நேரத்தைக் குறைப்பது. நாலு பெட்டியை ஒன்றாகத் தொடங்குங்கள். ஒரே நாளில் எல்லாச் சுவர்களையும் வெட்டி, ஒரே இருப்பில் முளைகளைச் சீவி, ஒன்றில் பசை காயும்போது மற்றதில் வேலை செய்தால் நாள் வீணாகாது. நகை வைக்க, கலியாணப் பரிசாகக் கொடுக்க என்று சிறிய அளவுகளும் கேட்பார்கள். அதே முறைதான், அளவு மட்டும் மாறும். சிலுவையோ ஓமோ பிறையோ செதுக்குவதைச் சொல்லிவைத்துச் செய்பவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செதுக்காத பெட்டியை எவரும் வாங்குவர்.

முதற்பெட்டியை விற்க வேண்டாம். அதில் மூலை சற்றுப் பிசகியிருக்கும். பரவாயில்லை, அது வீட்டுக்கு. உறுதி, காணி அனுமதிப்பத்திரம், பிறப்பு, விவாக, இறப்புப் பத்திரங்கள், பாடசாலைச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை அடுக்கி, மேலே ஒரு கடதாசியில் விபரம் எழுதி வையுங்கள். உறுதியின் இலக்கமும் திகதியும், நொத்தாரிசின் பெயர், காணியின் பெயரும் பரப்பும், அனுமதிப்பத்திர இலக்கம், ஒவ்வொருவரதும் அடையாள அட்டை இலக்கம், பிறப்புப் பதிவு இலக்கம் என எல்லாம் அதில் வரட்டும். அதே கடதாசியின் பிரதி ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினர் கையில் இருக்க வேண்டும். பெட்டியே போனாலும், பதியப்பட்ட உறுதி ஒன்றின் இலக்கமும் திகதியும் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி கேட்கலாம். பதிவு இலக்கம் தெரிந்தால் பிரதேச செயலகத்தில் பிறப்புப் பத்திரத்தின் பிரதியைத் தேடி எடுப்பது எளிது. எழுதும்போது பென்சிலால் எழுதுங்கள். ஈரம் பட்டால் பேனை மை கரையும், பென்சில் கரையாது.